செதிலோடு ஒரு கொடுவா

4 ஜனவரி 2025, சனி

ஜெரோமுக்கு மீன் மாட்டிவிட்டது. எனக்கு இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், அப்புறம் கை வராது.

ஃப்ளை ஃபிஷிங் என்ற பைத்தியத்தை இந்தக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தவன் நான். மாதக்கணக்கில் யூடியூப் பார்த்து, மொட்டைமாடியில் தூண்டில் வீசிப் பழகி, கொடியில் காய்ந்த பக்கத்து வீட்டுப் புடவையைப் பிடித்து ஏச்சு வாங்கியவன் நான். கோழிக்கடையில் சேவல் இறகு பொறுக்கி, தூண்டில் முள்ளில் நூலால் சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டியவனும் நான்தான். புழு கிடையாது, இறால் கிடையாது. வெறும் இறகைக் காட்டி மீனை ஏமாற்ற வேண்டும். ஏமாற்று வேலை என்றால் எனக்குத்தானே முதலில் வந்திருக்க வேண்டும்?

ஜெரோம் என் மனைவி மார்கரெட்டின் தம்பி, பை தூக்கத்தான் முட்டுக்காட்டுக்கு வந்தான். "சும்மா ஒருவாட்டி குடு மாமா" என்று தூண்டில் ராடை வாங்கி வீசினான். நான் கட்டிய பூச்சியில், என் ராடில், அவனுக்குக் கொடுவா மீன். முழங்கை நீளம். படம் எடுத்துக்கொண்டு, முத்தம் கொடுத்து, தண்ணீரில் விட்டுவிட்டான். இந்த விளையாட்டில் அதுதான் மரியாதையாம். அதையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

5 ஜனவரி

குடும்ப வாட்ஸப் குரூப் முழுக்க அவன் மீன். மார்கரெட் அவனிடம், "கொடுவாவ கைல வெச்சிகினு தண்ணில விட்டுட்டு வந்தியா? இன்னா ஆளுடா நீ" என்றாள். திட்டுகிற மாதிரி இல்லை. படத்துக்கு ஹார்ட்டும் போட்டிருக்கிறாள். எனக்குக் கடைசியாக ஹார்ட் போட்டது எப்போது?

11 ஜனவரி

ஜெரோம் புது ராடு வாங்கிவிட்டான். பச்சை நிறம். என்னுடையதைவிட நீளம். வீட்டு வாசலிலேயே வீசிக் காட்டுகிறான். கயிறு காற்றில் அப்படியே கோலம் போடுகிறது. நான் வீசினால் என் காதில் மாட்டுகிறது.

14 ஜனவரி

பொங்கல். கொளவாய் ஏரியில் தனியாக வீசினேன். பிளாஸ்டிக் கவர் ஒன்று மாட்டியது. படம் எடுக்கவில்லை.

18 ஜனவரி

இன்று செய்ததை எழுதலாமா? என் நோட்டுதானே, எழுதுகிறேன்.

கோவளத்தில் பூவாயி மீன்கடையில் ஒரு கொடுவா வாங்கினேன். திட்டம் சுத்தமானது. மீன் வாயில் என் இறகுப்பூச்சியை மாட்டு, தண்ணீர் ஓரமாக உட்கார், செல்ஃபி எடு, குரூப்பில் போடு. பூவாயி கேட்டாள்: "இன்னாண்ணாத்த, மீனு வாயில பூ வெக்கிற?" "வேண்டுதல்மா" என்றேன்.

வெற்றிகரமாகப் போட்டேன். ஜெரோமிடமிருந்து முதல் பதில் வந்தது: "மாமா, செதிலு எங்க?"

பெரிதாக்கிப் பார்த்தேன். மீன் மொழுக்கென்று இருந்தது. வயிற்றில் அழகான கீறல். ஞாயிறுதோறும் மீன் வாங்கிப் பழகிய வாய். காசு கொடுத்த கையோடு, "செதில் எடுத்து, குடல் எடுத்துக் குடும்மா" என்று தானாகச் சொல்லியிருக்கிறது. எனக்கு நினைவே இல்லை.

19 ஜனவரி

அந்த மீனில்தான் குழம்பு. மார்கரெட் பரிமாறிக்கொண்டே, "நல்லா சுத்தமா புடிச்சிருக்க" என்றாள்.

31 ஜனவரி, வெள்ளி

பொறுக்க முடியல. நாளைக்கு ஜெரோம் முட்டுக்காட்டுக்கு என்னோட வர்றானாம். வந்தா புடிப்பான். நான் பாத்துகினு நிக்கணும். எத்தினி வாட்டிதான் கை தட்டுறது?

போன் போட்டு, "மச்சான், கடப்பாக்கத்துல கொடுவா கொட்டிக் கெடக்குதாம். நாளைக்கு நீ அங்க போ, எனக்கு ஆபீஸ் வேல கீது" என்றேன். என்னிடம் யாரும் அப்படிச் சொல்லவில்லை, நானே கட்டிய கதை.

"தேங்ஸ் மாமா. யாரு இப்பிடி எடம் சொல்லுவாங்க?" என்றான்.

நன்றி சொல்லாமல் இருந்திருக்கலாம்.

1 பிப்ரவரி, சனி

விடியும் முன்பே வீட்டிலிருந்து நழுவினேன். அவசரத்தில் போனையும் நாஸ்தா டப்பாவையும் மறந்துவிட்டேன்.

முட்டுக்காட்டில் தண்ணீர் இடுப்பளவு. பக்கத்தில் யாரும் இல்லை. வீசும்போது பின்னால் போன கயிறு முழுக்க நீளும்வரை பொறுத்து, அப்புறம்தான் முன்னால் தள்ள வேண்டும். இத்தனை நாள் அந்த நொடியில் நான் ஜெரோம் பக்கம்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்று பார்க்க ஆள் இல்லை. பொறுத்தேன். கயிறு போய் விழுந்த இடத்தைப் பார்த்து எனக்கே சந்தேகம், வீசியது நான்தானா என்று.

இழுத்தது. ராடு வில்லாக வளைந்தது. கொடுவா, ஜெரோம் பிடித்ததைவிடப் பெரிசு. சத்தியமாப் பெரிசு. செவுள் திறந்து மூடுகிறது, செதில் ஒவ்வொன்றும் பளபளக்கிறது.

பாக்கெட்டைத் தடவினேன். போன் இல்லை.

கொண்டுபோகலாமா? கொண்டுபோனால் எந்தக் கடை என்பார்கள். விட்டால் எந்தக் கதை என்பார்கள். கொஞ்ச நேரம் அதைத் தண்ணீரில் பிடித்தபடியே நின்றேன். அது என் கையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்புறம் விரலை விரித்தேன். போய்விட்டது. முத்தமெல்லாம் கொடுக்கவில்லை.

திரும்பி வந்தால் வண்டி ஹாண்டிலில் என் நாஸ்தா டப்பா தொங்குகிறது. மறந்துவிட்டேன் என்று நினைத்தேனே? வயசாகிறது. நாலு இட்லி, இன்னும் சூடாக இருந்தது.

வீட்டில் சொன்னேன். மார்கரெட் கேட்டது ஒன்றே ஒன்று: "செதிலோடவா, செதில் இல்லாமயா?"

2 பிப்ரவரி, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் குரூப்பில் ஒரு படம். ஜெரோம் போட்டது. கரையில் தூரமாக நின்று எடுத்திருக்கிறான். இடுப்பளவுத் தண்ணீரில் நான். ராடு வளைந்திருக்கிறது. நீருக்கு மேலே பாதி உடம்பாகக் கொடுவா. என் வழுக்கையில் வெயில்.

கீழே எழுதியிருந்தான்: "மாமா புடிச்சது. செதிலோட."

மார்கரெட் சொன்னாள், நேற்றுக் காலை அவன் என்னைப் பார்த்துவிட்டுக் கடப்பாக்கம் போகலாம் என்று வீட்டுக்கு வந்தானாம். இவள்தான் டப்பாவைக் கொடுத்து, "உன் மாமா ஆபீஸ் போகல, ராட எடுத்துகினு முட்டுக்காட்டுக்குப் பூட்டாரு" என்று அனுப்பினாளாம்.

அப்படியானால் எல்லாம் தெரிந்துதான் டப்பாவை மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். கூப்பிடவில்லை. மீன் மாட்டியிருக்கும்போது கத்தக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தது நான்தான்.

போன் செய்து, "மச்சான், கடப்பாக்கத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"அடுத்த வாரம் ரெண்டு பேருமா போலாம் மாமா. மீனு இல்லன்னா இன்னா, அங்க கீற பழைய கோட்டைய பாத்துட்டு வருவோம்" என்றான்.

மார்கரெட் ஹார்ட் போட்டுவிட்டாள். படத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். என்னை இவ்வளவு நன்றாக யாரும் எடுத்ததில்லை. வெளிச்சம், தண்ணீர், வளைவு, எல்லாம் சரியாக விழுந்திருக்கிறது. போட்டோ எடுப்பதிலும் அவன்தான் கெட்டிக்காரன். வயிறு எரிகிறது.