சாமி படத்துக்குப் பின்னட்டை

சிவமயம்

அம்பாசமுத்திரம்
3-6-1996

அன்புள்ள பேத்தி அனுராதாவுக்கு உன் ஆச்சி ஆவுடைத்தாய் எழுதிக்கொள்வது. நான் நலம், முழங்கால் மட்டும் நலமில்லை. உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. நாலு தரம் படித்தும் எனக்கு விளங்கவில்லை.

படக்கதை வேண்டுமென்றால் புத்தகம் வாங்கலாம். நீயோ அது அச்சாவதற்கு முன்னால் கையால் வரைந்த அட்டைதான் வேண்டும் என்கிறாய். பெங்களூரில் சம்பாதிப்பதை நகைச்சீட்டில் போடாமல் இதில் போடுகிறேன், பின்னால் விலை ஏறும் என்கிறாய். தோசையை விட்டுவிட்டு மாவுச் சட்டியை விலைக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறது. உனக்கு வேலைப்பளு அதிகமோ என்று உன் அம்மாவிடம் கேட்டேன்.

சிவகாசித் தாத்தா போட்ட அட்டைகள் நம் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். முதலில் அவனைத் தாத்தா என்று எழுதாதே. ஞானசம்பந்தன் என் கூடப் பிறந்தவன், அவ்வளவுதான். உன் அம்மா கல்யாணத்துக்கு வராதவன். 1969, ஆவணி 27, வெள்ளிக்கிழமை, காலை ஏழரைக்கு மேல் ஒன்பதுக்குள் முகூர்த்தம். தாய்மாமன் கையைப் பிடித்துத்தான் நம் வீட்டில் பெண் மணவறைக்கு வர வேண்டும். அவனுக்கு வாங்கிய ரோஜா மாலை பந்தக்காலில் தொங்கி வாடியது. கடைசியில் ஒன்றுவிட்ட தம்பி சங்கிலிபூதத்தான்தான் சித்ராவைக் கூட்டிப் போனான். மாப்பிள்ளையின் அத்தை, "தாய்மாமனுக்கு அப்படி என்ன சோலி? ராஜாவுக்குப் படம் போடுதாரோ?" என்று சபையில் சிரித்தாள். பச்சைப் பட்டு, முன்பல் ஒன்று கிடையாது. இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறாள்.

ஒரு மாதம் கழித்து லாரி பார்சலில் பதினாலு அட்டை வந்தது. கூடவே ஒரு கடிதம். "டைபாய்டில் எழுந்திரிக்க முடியவில்லை அக்கா. சித்ராவுக்கு என்னால் முடிந்த சீர் இதுதான்." அதற்கு மேல் படிக்காமல் அடுப்பில் போட்டேன். குதிரையும் துப்பாக்கியும் சீராம்! அட்டை நல்ல கெட்டி, அதனால் எரிக்க மனம் வரவில்லை. வீட்டில் இருந்த சாமி படங்களுக்குப் பின்னட்டையாகச் சட்டத்துக்குள் வைத்து அடிக்கச் சொல்லிவிட்டேன். இருபத்தேழு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கின்றன.

இப்படிக்கு
ஆவுடைத்தாய்

*

பெங்களூர்
14-6-96

அன்பான ஆச்சிக்கு அனு வணக்கத்துடன் எழுதுவது.

சாமி படத்துக்குப் பின்னாலா! ஆபீசில் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். பிறகு அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

ஆச்சி, புத்தகம் ஒரு லட்சம் அச்சாகும். அட்டை ஒன்றே ஒன்றுதான். அதில் அடியில் போட்ட பென்சில் தெரியும், தப்பான இடத்தில் பூசிய வெள்ளை தெரியும், வசனத்தை எழுதி ஒட்டிய துண்டு தெரியும். ஓரத்தில் அச்சகத்துக்கு எழுதிய குறிப்புகள் இருக்கும். அச்சில் வராததெல்லாம் அட்டையில் இருக்கும். மெட்ராஸில் பழைய புத்தகக் கடை ஒன்றில் மூன்று வாங்கினேன். மூலையில் "ஞானம்" என்று கையெழுத்து. அம்மாவிடம் காட்டினேன். "மாமா..." என்று சொல்லி அந்த எழுத்தை விரலால் தடவினாள். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு எழுதினேன்.

"கறுப்புக் குதிரைக்காரன்" தொடரின் கடைசிப் பக்கத்தைத்தான் எல்லாரும் தேடுகிறார்கள். முகமூடிக்காரன் தன் தாய் முன்னால் முகமூடியைக் கழற்றுகிற பக்கம். அது கிடைத்தால் எவ்வளவு கேட்டாலும் தருவேன் என்று பம்பாயில் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு விற்க மனமில்லை, என் அறைச் சுவரில் மாட்டத்தான் ஆசை. பைய எல்லாச் சட்டத்தையும் பிரிக்கச் சொல்லுங்கள். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் துண்டுகளை உரிக்கவே வேண்டாம்.

பேத்தி அனு

*

சிவமயம்

அம்பாசமுத்திரம்
30-6-1996

அனுராதாவுக்கு ஆச்சி எழுதுவது.

சட்டக் கடை மீரா முகைதீன் குறடும் கையுமாக வந்தான். முருகனைப் பிரித்ததும் ஆரம்பித்தான். "ஆச்சி, முருகனுக்குப் பின்னால ஒருத்தன் துப்பாக்கியத் தூக்கிட்டு நிக்கான். காந்திமதி அம்மனுக்குப் பின்னால காரு எரியுது. இத்தன வருசமா இவங்களுக்கும் சேத்துல்லா சூடம் காட்டியிருக்கீய!"

"வாய மூடிட்டு ஆணியப் பாத்துப் புடுங்கு, முகைதீனு. கண்ணாடி ஒடஞ்சா ஒந்தலையிலதான் விடியும்."

இரண்டு அட்டையைச் செல்லரித்துவிட்டது. மற்றவை முழுசாக இருக்கின்றன. கடைசியில் உன் அம்மா கல்யாணப் போட்டோவைப் பிரித்தோம். அந்தப் பார்சலில் எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அட்டையைத்தான் அன்றைக்கு அந்தப் போட்டோவுக்குக் கொடுத்தேன், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நீ தேடுகிற பக்கம் அதுதான். ஒருவன் முகமூடியைக் கழற்றுகிறான், ஒரு கிழவி பார்க்கிறாள். மூலையில் ஞானம் என்று கையெழுத்து. ஓரத்தில் நீலப் பென்சிலில், "12-9-69 இன்று வரைந்தது. மாலை 4 மணிக்குள் அச்சுக்குப் பிளாக் செய்யப் போக வேண்டும். அவசரம்."

அனு, அந்த வருஷம் செப்டம்பர் 12தான் ஆவணி 27. நம் வீட்டில் மேளம் கொட்டியபோது அவன் சிவகாசியில் உட்கார்ந்து படம் போட்டிருக்கிறான். எழுந்திரிக்க முடியவில்லையாம்! அன்றைக்கே பொய் என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை. அட்டையைக் கொண்டுபோய் அடுப்படியில் நின்றேன். முகைதீன் ஓடி வந்து கையிலிருந்து பிடுங்கிக்கொண்டான். "எரிக்கதுன்னா சட்டத்த எரிங்க ஆச்சி, இது அந்தப் பிள்ள கேட்ட சாமானு" என்றான்.

சொன்னது சரியாகிப் போனால் சந்தோஷம் வர வேண்டும்தானே? எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னவென்று தெரியவில்லை. அந்த ஒரு அட்டையைக் கேட்காதே. தருவேனா எரிப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஆவுடைத்தாய்

*

பெங்களூர்
9-7-96

ஆச்சிக்கு,

உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன், எரித்துவிடாதீர்கள். கோபம் அவர் மேல்தானே, அட்டை என்ன செய்தது?

உங்களிடம் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். விலாசம் தேடிப்பிடித்து, பழைய அட்டைகள் இருக்கின்றனவா என்று சிவகாசிக்கு எழுதினேன். தபால் கார்டில் பதில் வந்தது, இரண்டே வரி. "என்னிடம் ஒன்றும் இல்லை அம்மா. எல்லாம் அக்காவிடம் கொடுத்தேன், அவள் பத்திரமாக வைத்திருப்பாள்." சாமி படத்துக்குப் பின்னால் இருந்த கதையை நான் சொல்லவில்லை.

இன்னொன்று. இந்தப் பக்கம் பேர் பெற்றது என்பதால் பார்த்து வரைந்த நகலும் உலவுகிறதாம். அதனால் பம்பாய்க்காரர் ஒரு சோதனை சொல்கிறார். வேறொரு அட்டையைப் பக்கத்தில் வைத்து, நிழலுக்காகப் போட்ட மெல்லிய கோடுகளை ஒப்பிட வேண்டுமாம். முகத்தை யாரும் பார்த்துப் போடலாம், கோடு மட்டும் கைக்குக் கை மாறுமாம். நல்ல வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள். அதற்குள் அடுப்புப் பக்கம் போக வேண்டாம்.

அனு

*

சிவமயம்

அம்பாசமுத்திரம்
25-7-1996

அன்புள்ள அனுராதாவுக்கு ஆச்சி எழுதிக்கொள்வது. இந்தக் கடிதம் முன்னுக்குப் பின்னாக இருக்கும். பொறுத்துக்கொள்.

காலை வெயிலில் முற்றத்தில் பன்னிரண்டு அட்டையையும் பரப்பினேன். முகம், குதிரை, தொப்பி எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன. பிறகு குனிந்து நிழல் கோட்டைப் பார்த்தேன்.

ஞானம் இடது கைக்காரன். அகப்பையால் கையில் அடித்து அடித்து வலது கையால் சோறு தின்னப் பழக்கியது நான்தான். மற்ற வேலைக்கெல்லாம் இடது கைதான் அவனுக்கு. வாசல் பெருக்கினால் மணலில் எங்கள் விளக்குமாற்றுக் கீறல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அவன் கீறல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். அம்மா தெருவில் வரும்போதே, "இன்னைக்குப் பெருக்குனது பீச்சாங்கையன்லா" என்பாள். பதினோரு அட்டையில் கோடெல்லாம் அவன் பெருக்கிய வாசல். உன் அம்மா கல்யாணப் போட்டோ அட்டையில் மட்டும் எங்கள் பக்கம் சாய்கிறது. மூன்று தரம் பார்த்தேன். முகைதீனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவனுக்கு ஒரு உதவியாள் இருந்தான், அசன் மைதீன். 1967 ஐப்பசியில் இங்கே வந்து ஏழு ஆப்பம் தின்றான், பிறகு சித்ராவுக்குக் குதிரை வரைந்து காட்டினான், வலது கையால். படுத்துக் கிடந்தவனுக்காக அவன்தான் போட்டுக் கையெழுத்தையும் போட்டிருக்க வேண்டும். டைபாய்டு நிஜம் அனு. காய்ச்சலில் கிடந்தவனைப் பார்க்க நானும் போகவில்லை, யாரையும் போகவும் விடவில்லை.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. இந்த அட்டையை ஏன் பார்சலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தான்? கடிதத்தை எரித்தாலும் அட்டையைப் பார்ப்பேன், கோட்டைப் பார்த்தால் அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தானா? இல்லை, கடைசியாக வந்தது மேலே இருந்தது, அவ்வளவுதானா? இரண்டு நாளாக இதையே போட்டு உருட்டுகிறேன். நான் பார்த்தால்தானே! சுவர்ப்பக்கம் திருப்பி ஆணி அடித்தேன்.

பத்திரமாக வைத்திருப்பாள் என்று எழுதியிருக்கிறான்.

நீ ஆசைப்பட்ட பக்கம் அவன் போட்டதில்லை என்று ஆகிவிட்டது. அதைப் பம்பாய்க்காரரிடம் மறைக்காதே. பதினோரு அட்டையும் முகைதீன் கட்டிய பார்சலில் உனக்கு வருகின்றன. அவை உன் அம்மாவின் சீர். அவளிடம் கேட்காமல் ஒன்றைக்கூட விற்காதே. பன்னிரண்டாவது உனக்கு இல்லை. அதை உன் சிவகாசித் தாத்தாவுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். "தம்பி" என்று எழுதியதற்கு மேல் ஓடவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுத எனக்கு வராது. எழுதினாலும் அவன் நம்ப மாட்டான், வேறு யாரோ எழுதியது என்பான். இதற்காக மற்றதையெல்லாம் விட்டுவிட்டேன் என்றும் நினைக்காதே. 1957 சித்திரையில் உன் தாத்தாவின் கைக்கடிகாரத்தை ஆற்றில் போட்டது, என்னைப் பெண் பார்க்க வந்த அன்று பூனைமூஞ்சியாகச் சுவரில் வரைந்து வைத்தது எல்லாம் அப்படியே இருக்கிறது. அதெல்லாம் நேரில் கேட்க வேண்டியது.

அதனால் அட்டையின் பின்பக்கத்திலேயே எழுதினேன். எழுதியதை உனக்கும் படி எடுத்து வைத்திருக்கிறேன்:

"இது நீ போட்டதில்லை. கோட்டைப் பார்த்தேன். சித்ரா கல்யாணப் போட்டோ பின்னட்டை இல்லாமல் மேஜையில் சாய்ந்து கிடக்கிறது. நீளம் பதினாறு விரற்கடை, அகலம் பன்னிரண்டு. அளவு சரியாக இருக்கிறதா என்று சட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தபாலில் அனுப்பாதே."

ஆச்சி ஆவுடைத்தாய்