ஒரே வீட்டில் ஒருத்திக்கு மட்டும்

மைசூரு, என்.ஆர். மொஹல்லா
18 ஜூலை 2023

அன்புள்ள அம்மிணி சுந்தராவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீயும் மாப்பிள்ளை முனிராஜும் சுகமா? கோபிநத்தத்துக்குப் போன் போட்டால் உன் குரல் வருவதற்குள் லைன் போய்விடுகிறது. நான் "அலோ அலோ" என்று கத்துவதைக் கேட்டு, ஏதோ சண்டை என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கிறார்கள். அதனால் பழையபடி கடிதம்தான்.

நல்ல செய்தி. சோனியாவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் உறுதியாகிவிட்டது. எஸ்.சி. சான்றிதழ் இருப்பதால் கட்டணம் முழுவதையும் அரசாங்கமே கட்டிவிடும். ஹாஸ்டலில் சேர்க்கிறேன் என்று மாப்பிள்ளை சொன்னாராமே, தாய்மாமன் செத்தா போய்விட்டான்? இங்கேயே இருக்கட்டும்.

எங்கள் பெண் ரெபேக்காவும் அதே கல்லூரிக்குத்தான் எழுதிப் போட்டாள். மார்க்கும் சோனியாவைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் நாங்கள் கிறிஸ்தவர்கள் ஆகிவிட்டதால் அந்தச் சலுகை கிடையாதாம். எங்களுக்கு வேறு பிரிவு. அதில் வருவது புத்தகத்துக்கே காணாது. ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன் மீதிக்கு எங்கே போவேன்? தேவராஜ அர்ஸ் ரோட்டில் ஒரு சேலைக் கடையில் அவள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். உன் அண்ணி மரியபுஷ்பம் முகம் கொடுத்துப் பேசி ஒரு வாரம் ஆகிறது. நீ இதை மனதில் வைத்துக்கொள்ளாதே. பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா.

உன் அண்ணன்
லூர்துராஜ்
(ஊருக்குத்தான் லூர்துராஜ், உனக்குப் பழனி)


கோபிநத்தம்
9 ஆகஸ்ட் 2023

என் பழனி அண்ணாவுக்குத் தங்கை வணக்கத்துடன் எழுதுவது.

சோனியாவை உங்களிடம் விட்டுவிட்டு நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கண்டக்டர், "யாருக்கு அக்கா, துக்கமா?" என்று கேட்டார். எம் பொண்ணு நர்ஸ் ஆகப்போறா என்று சொன்னதும் சிரித்துவிட்டார்.

ஆனால் ரெபேக்கா முகம்தான் கண்ணிலேயே நிற்கிறது. தன் கட்டிலில் பாதியைக் கொடுத்து, "அத்தை, நீங்க கவலப்படாதீங்க, இவளப் பாத்துக்கறது எம் பொறுப்பு" என்றாளே! அப்பன் சாமியை மாற்றினதுக்கு அந்தப் பிள்ளை என்ன பண்ணும்? அண்ணியிடம் நான் ஒன்றும் பேசவில்லை. என்ன சொல்லியிருந்தாலும் தப்பாகத்தான் பட்டிருக்கும்.

சோனியா உங்கள் வீட்டு வழக்கப்படியே இருக்கட்டும். நீங்கள் ஜெபம் சொல்லும்போது அவளும் கூட உட்காரட்டும். தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்தால் எனக்கே பொறுக்காது. எல்லாச் சாமியும் நமக்கு நல்லதுதானே செய்யும்.

உங்கள் அன்புத் தங்கை
சுந்தராம்பாள்


மைசூரு
6 ஜனவரி 2025

அன்பு அம்மிணிக்கு,

நீ அனுப்பிய கேழ்வரகும் கருவாடும் கிடைத்தன. கருவாட்டு வாசனையில் தெருவுக்கே உன் பாசம் தெரிந்துவிட்டது.

சோனியா இரண்டாம் வருடத்தில் நன்றாகப் படிக்கிறாள். ஜெபமாலையும் தடங்கல் இல்லாமல் சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் யாரும் மாதா கோயிலுக்குப் போகாமல் தங்க முடியாது, உனக்குத்தான் தெரியுமே. அவளும் முக்காடு போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் முழந்தாளிடுகிறாள்.

ஒன்றைச் சொன்னால் வருத்தப்பட மாட்டாயே? மாலையில் சோனியா மருந்துகளின் பெயரை ஒப்பிக்கிறாள். பக்கத்தில் ரெபேக்கா கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவள் எங்காவது திக்கினால் அவள் எடுத்துக் கொடுக்கிறாள். புத்தகத்தைத் தொடாமலே அவளுக்கு எல்லாம் வருகிறது, சுந்தரா. கொடியில் ஒரே ஒரு வெள்ளைச் சீருடைதான் காய்கிறது. உன் மகள் படிப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷப்படும்போதே வயிறு எரிகிறது. இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

அன்புடன்
அண்ணன்


கோபிநத்தம்
20 மார்ச் 2025

அண்ணாவுக்கு,

சோனியா திடீரென்று ஊருக்கு வந்திருக்கிறாள். உதவித்தொகையை நிறுத்திவிட்டார்களாம். எஸ்.சி. என்று சொல்லிக்கொண்டு கிறிஸ்தவளாக வாழ்கிறாள் என்று சாதிச் சான்றிதழின் மேலும் விசாரணையாம். பணத்தைக் கட்டினால்தான் பரீட்சை எழுத விடுவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள்.

நடந்ததை அவள் வாயாலேயே கேட்டேன். நஞ்சுண்டசாமி என்ற உதவித்தொகை ஆபீஸ் அதிகாரி எல்லாப் பிள்ளைகளின் வீட்டுக்கும் போவது போலத்தான் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறார். காபி குடித்துவிட்டு எழுந்தவர், சும்மா கேட்பது போல, "ஹுடுகியும் சர்ச்சுக்கு பர்த்தாளா?" என்று, இந்தப் பெண்ணும் சர்ச்சுக்கு வருவாளா என்று கேட்டாராம். அதற்கு நீங்கள், "வராம? ஜெபமாலை பூரா மனப்பாடம் சார், எங்க வீட்டுப் புள்ளைகளவிட நல்லாச் சொல்லுவா" என்றீர்களாம். எழுந்தவர் திரும்ப உட்கார்ந்துவிட்டாராம்.

எங்கள் ஊர்க்காளி கோயில் சாட்டுத் திருவிழாவுக்கு அவள் வருஷம் தவறாமல் வந்து மாவிளக்கு எடுக்கிறாள். அதையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். மாமன் வீட்டில் இருக்கிறாள், கூட வருகிறாள், அவ்வளவுதான் என்றாவது சொல்லியிருக்கலாம்.

சோனியா இன்னொன்றும் சொன்னாள். நீங்கள் பேச ஆரம்பித்ததும் ரெபேக்கா, "அப்பா, வேண்டாம்" என்றாளாம். நீங்கள் அவளைப் பார்த்து, "நீ உள்ள போ" என்றீர்களாம்.

அண்ணா, நான் சண்டைக்கு எழுதவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். வாய் தவறி வந்துவிட்டதா, இல்லை தெரிந்தே சொன்னீர்களா? வாய் தவறிவிட்டது என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்கு அது போதும். பணத்துக்கு நாங்கள் எப்படியாவது அலைந்துகொள்கிறோம்.

தங்கை
சுந்தராம்பாள்


மைசூரு
4 ஏப்ரல் 2025

அன்புள்ள சுந்தரா,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனது சரியில்லை.

நான் பொய் சொல்லவில்லை. அதிகாரி கேட்டார், உள்ளதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

நீ என்னைக் கேள்வி கேட்கிறாய். நானும் உன்னை ஒன்று கேட்கிறேன். சின்ன வயதில் ராமாபுரம் டீக்கடை வாசலில் நாம் இருவரும் ஒன்றாகத்தானே நின்றோம்? உனக்கு ஊற்றிய அதே தனி டம்ளரில்தானே எனக்கும் ஊற்றினார்கள்? நான் லூர்துராஜ் ஆனதும் கழுவிக் கண்ணாடி டம்ளரில் கொடுத்துவிட்டார்களா? இங்கே ரெபேக்காவுக்கு ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. ஒரே சபை, ஒரே திருப்பலி. ஆனாலும் முதலில் என்ன கேட்டார்கள் தெரியுமா? "நீங்க ஊருல என்ன ஆளுங்க?" என்றுதான். கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள்தான். இழிவுக்கு மட்டும் நான் பழனி, உதவிக்கு வந்தால் லூர்துராஜ். இது எந்த ஊர் நியாயம்? ஒரே வயிற்றில் பிறந்த நம் இருவர் பிள்ளைகளில் ஒருத்தி ஊசி போடப் படிக்க வேண்டும், இன்னொருத்தி நாள் முழுக்க நின்றுகொண்டு சேலை மடிக்க வேண்டுமா? இதையெல்லாம் யாராவது கேட்டார்களா? நீ கேட்டாயா?

சோனியா என் மகள் மாதிரிதான். அவளுக்குக் கெடுதல் நினைப்பேனா? விசாரணை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். மாப்பிள்ளையை மனு கொடுக்கச் சொல்.

ஆண்டவர் உங்களைக் காப்பாராக.

அன்பு அண்ணன்
லூர்துராஜ்


கோபிநத்தம்
19 மே 2025

லூர்துராஜ் அண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதிய நியாயம் அத்தனையும் நிஜம். ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். ரெபேக்காவுக்கு நடந்தது பாவம். அதைக் கேட்டு நீங்கள் அந்த ஆபீஸ் வாசலில் போய்க் கத்தியிருந்தால், நானும் பஸ் ஏறி வந்து பக்கத்தில் நின்று கத்தியிருப்பேன். நான் கேட்டதோ ஒரு வரி. அது மட்டும் உங்கள் கடிதத்தில் இல்லை. எனக்கு விளங்கிவிட்டது.

இவர் மனுவைத் தூக்கிக்கொண்டு கொள்ளேகாலுக்கும் சாமராஜநகருக்கும் அலைந்தார். விசாரணை நடக்கிறது என்பதுதான் எல்லா இடத்திலும் பதில். பரீட்சை முடிந்துவிட்டது. சோனியா எழுதவில்லை.

இந்த வைகாசிக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கௌதள்ளிக்காரர், கல்குவாரியில் வேலை. முதல் மனைவி தவறிவிட்டாள், ஒரு குழந்தை இருக்கிறது. படிப்பு நின்ற பெண்ணை வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார் சோனியாவின் அப்பா. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மாமன் சடங்குக்கு நம் சித்தப்பா மகன் உதயகுமாரைக் கேட்டிருக்கிறேன். அவன் ஒத்துக்கொண்டான்.

முடிந்தால் ரெபேக்காவை மட்டும் அனுப்புங்கள். சோனியா அவளைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீங்கள் வர வேண்டாம், அண்ணா. கோபத்தில் சொல்லவில்லை. "பாவம் மாமா, வாய் தவறிச் சொல்லிட்டாரு" என்றுதான் இன்றைக்கும் சோனியா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நானும் ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

சுந்தராம்பாள்