வண்டிப்பேட்டைத் தெருவுக்கு வராத கடிதம்

பெப்ரவரி 3, திங்கள்
காலையிலிருந்து தூறல். என் மனைவி ரீத்தாவுக்கு மூச்சிரைப்பு. இரவு முழுக்க உட்கார்ந்தபடியே தூக்கம். இருதய ஆப்பரேஷன் தேதி பெரியாஸ்பத்திரியிலிருந்து கடிதமாக வரும் என்றார்கள். இன்னும் இல்லை.

எங்கள் தெருவின் பழைய பெயரைத் திருப்பிக் கேட்டு நகரசபைக்கு மனு, எழுதி முடித்த வரை:
வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்டோர் லேன். கோப்பி, கொக்கோ மூட்டைகள்.
மாட்டுவண்டிகள் வந்து நின்றதும் வண்டிப்பேட்டைத் தெரு.
போன வருடம் முதல் சமகி மாவத்தை. சிங்களத்தில் ஒற்றுமைத் தெருவாம். யாரைக் கேட்டு மாற்றினார்கள்?

பெப்ரவரி 6, வியாழன்
வெயில். பாரூக் நானா கடையில் கையெழுத்து வாங்கப் போனேன். "எந்தப் பேரா இருந்தா என்ன மாஸ்டர், யாவாரம் நடக்குதே" என்றார். எரிச்சல். ஆனாலும் போட்டுக் கொடுத்தார். கடிதம் இல்லை. சாயங்காலம் இஞ்சித் தேநீர், ரீத்தா பாதிதான் குடித்தாள்.

பெப்ரவரி 10, திங்கள்
ரீத்தாவுக்குக் கால் வீக்கம். புதுத் தபால்காரரை மறித்துக் கேட்டேன். நாவுலப் பக்கத்து ஆள், இந்த ஊர்ப் பழைய பெயரெல்லாம் தெரியாது.

"வண்டிப்பேட்டைன்னு ஒரு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்துச்சு மாஸ்டர். அந்தப் பேர்ல ரோடு இல்லைன்னு திருப்பிட்டேன். ரெண்டு கிழமை இருக்கும், போன மாசக் கடைசி."

டிசம்பரில் ஓய்வு பெற்ற பழைய தபால்காரர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு கொண்டுவந்து தந்திருப்பார். ஆஸ்பத்திரிப் படிவத்தை நிரப்பியவன் நான். "போர்டுல இருக்கிறத எழுதுங்க" என்று ரீத்தா பக்கத்திலிருந்து சொன்னாள். எனக்கு வீம்பு. பழைய பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன்.

பெப்ரவரி 11, செவ்வாய்
முதல் பஸ்ஸில் போனேன். கிளினிக் நர்ஸ் புத்தகத்தைப் புரட்டினார். "தேதி போன புதன்கிழமைங்க. நீங்க வரல, வேற ஆளுக்குச் செஞ்சிட்டாங்க. இனி மே மாசந்தான்."

போன புதன். நான் மனுவை நல்ல தாளில் பிரதி எடுத்துக்கொண்டிருந்த நாள்.

வீட்டுக்கு வந்து ரீத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். "சாப்பிட்டீங்களா?" என்றாள்.

பெப்ரவரி 19, புதன்
மழை. நேற்று விடியற்காலை ரீத்தா போய்விட்டாள். நான்தான் காரணம். வேறு யாரையும் சொல்ல முடியாது.

பாரூக் நானா தெரு முழுக்கத் துக்கத்துக்கு வெள்ளைக்கொடி கட்டினார். மரண அறிவித்தல் அடிக்க அச்சகத்துக்குப் போனேன். பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு, எல்லாம் அச்சகக்காரர் எழுதிக்கொண்டார்.

"விலாசம் வண்டிப்பேட்டைத் தெருன்னுதானே மாஸ்டர்? மனுவெல்லாம் குடுத்தீங்களே."

"போர்டுல இருக்கிறத போடுங்க" என்றேன்.