கிட்டத்தில் எடுத்த படங்கள்

டெச்சிமான்
4 மார்ச் 2009

அன்புள்ள ஒபெங் அண்ணனுக்கு,

செர்வா எழுதுவது. போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாளே என்று பார்க்கிறாயா? என் போனை உன் அருமை மாப்பிள்ளை அசாரே பிடுங்கி வைத்திருக்கிறான். இதைப் பஸ் ஓட்டுகிற போன்சுவிடம் கொடுத்து அனுப்புகிறேன். நீயும் அவர் கையிலேயே கொடு.

எனக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வேண்டும், அண்ணா. விலை குறைவாகப் பார். 'ஃப்ரெமா வளர்கிறாள், குடும்பப் படம் எடுக்க மாமன் அனுப்பியது' என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் உனக்கு மட்டும்.

போன மாதம் குழம்பில் உப்பு கூடிவிட்டதென்று மரவள்ளிக்கிழங்கு ஃபுஃபு இடிக்கிற உலக்கையால் என் தோளில் அடித்தான். ஒஃபோரி மாமாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வென்ச்சியிலிருந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் வீக்கம் வடிந்துவிட்டது. "எங்கேம்மா காயம்? காட்டு பாப்போம்" என்றார். அசாரே அவருக்கு ஜின் ஊற்றிக் கொடுத்து, "மாமா, உங்க பொண்ணுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பெண் கேட்டு வந்த அன்று அவன் வீட்டார் வைத்த ஜின் பாட்டிலை மாமா திருப்பிக் கொடுத்தால்தான் கல்யாணம் முறிந்து, நானும் ஃப்ரெமாவும் இங்கிருந்து கிளம்ப முடியும். காயத்தைக் கண்ணால் பார்க்காமல் கொடுக்க மாட்டாராம். ஆகவே காயம் ஆறுவதற்குள் நான் படம் எடுத்து வைக்க வேண்டும்.

உன் தங்கை,
செர்வா

*

தேமா
12 மார்ச்

என் செல்லத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உலக்கை என்று எழுதியிருக்கிற இடத்தை நான் இரண்டாம் முறை படிக்கவில்லை.

துறைமுகத்துக்குப் பின்னால் ந்யார்கோ என்று ஒருவன் பழைய கேமரா விற்கிறான், படமும் அச்சுப் போட்டுத் தருவான். போனதுமே பெரிதாக ஒன்றை நீட்டினான். "பன்னெண்டு மெகாபிக்சல் அண்ணே! அடுத்த தெருவுல நிக்கிறவனைக்கூடப் பக்கத்துல இழுத்துடும்." நமக்கு அடுத்த தெரு எதற்கு? கிட்டத்தில் வைத்து எடுக்க எது நல்லது என்று கேட்டேன். முகம் சுளித்துக்கொண்டே சின்னதாக ஒன்றை எடுத்தான். ஏழு மெகாபிக்சல் போதும், சுவர் அளவுக்கா படம் போடப்போகிறோம்? இதில் பூப் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினால் ஒரு சாண் தூரத்தில் இருப்பதும் தெளிவாக விழும். பெட்டிக்கடை பேட்டரியே போதும், கரண்ட் போனாலும் கவலையில்லை. 'கிளிக்' சத்தத்தை நிறுத்திவிட்டேன்.

மெமரி கார்டு இரண்டு வைத்திருக்கிறேன். ஒன்று வீட்டுக்கு, ஒன்று உனக்கு. ஃப்ளாஷ் போடாதே. நம் நிறத்தில் கன்றிப்போனது தெரிவதே கஷ்டம், ஃப்ளாஷ் அதையும் வெளுக்க வைத்துவிடும். ஜன்னலோரம் நின்று எடு.

ந்யார்கோ சரியான வாயாடி. "பிரிண்ட் நம்மகிட்டயே போடுங்க அண்ணே. மூஞ்சில ஒரு பரு இருக்காது. பின்னால அருவியே வச்சுத் தரேன்!" என்கிறான். அந்த வேதனையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உன் அண்ணன்,
ஒபெங்

*

டெச்சிமான்
15 ஏப்ரல்

அன்புள்ள அண்ணா,

கேமராவைப் பார்த்ததும் அசாரேவுக்கு வாயெல்லாம் பல். ஈஸ்டர் அன்று புதுத்துணி உடுத்தி, ஃப்ரெமாவை நடுவில் நிறுத்தி, என் தோளில் கை போட்டுக்கொண்டான். "சிரிடி, சிரிப்பு என்ன காசா?" என்றான். அந்தக் கை பின்பக்கம் என் கழுத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தது. படத்தில் நல்ல குடும்பமாகத்தான் தெரிகிறோம்.

என்னுடைய கார்டு மரவள்ளி மாவு டப்பாவில் இருந்தது. அதைத்தான் இப்போது அனுப்புகிறேன். முதலில் இடது கண், முழுக்க மூடிப்போனது. அப்புறம் கிழிந்த உதடு. கதவிடுக்கில் வைத்து நசுக்கிய விரல்கள். கொதிக்கிற நிலக்கடலைக் குழம்பை மேலே கொட்டினானே, அந்தத் தொடை. ஜன்னலோரம் நின்று பூப் பொத்தானை அமுக்கி எல்லாம் நானே எடுத்தேன். கை நடுங்கினால் படம் மங்கிவிடுகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்கப் பழகிவிட்டேன்.

நீ ஒவ்வொன்றாகப் பார். பார்த்துவிட்டு மாமாவிடம் கொடு. பெரியவர்கள் உட்காருகிற அன்று நீ என் பக்கத்தில் இருக்க வேண்டும், அண்ணா. வருவாய்தானே?

செர்வா

*

தேமா
22 ஏப்ரல்

அன்புத் தங்கச்சிக்கு,

கார்டை ந்யார்கோவிடம் கொடுத்தேன். அச்சுப் போட்டு, உறையில் வைத்து, ஒட்டியே தரச் சொன்னேன். நான் திறக்கவில்லை. என்னால் முடியாது, செர்வா. அம்மா செத்தபோதே நான் முகத்தைப் பார்க்கவில்லை, உனக்குத் தெரியுமே.

உறையைப் போன்சு நேரே மாமாவிடம் சேர்த்துவிடுவார். கார்டு இத்துடன் வருகிறது. எனக்கு லீவு கிடைக்கவில்லை. கப்பல் மேல் கப்பலாக வந்து நிற்கிறது. கவலைப்படாதே, நான் வந்து பேசுவதைவிடப் படங்களே நன்றாகப் பேசும்.

உன் அண்ணன்,
ஒபெங்

*

டெச்சிமான்
5 மே

அண்ணா,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மாமா எல்லோர் முன்னிலையிலும் உறையைப் பிரித்தார். உள்ளே நான்தான் இருந்தேன். மூடிய கண் திறந்திருந்தது. கிழிந்த உதடு ஒட்டியிருந்தது. கன்னம் பளபளவென்று, பின்னால் அருவி! உன் ந்யார்கோ கம்ப்யூட்டரில் அத்தனையையும் துடைத்துவிட்டான். வெந்த தொடையை என்ன செய்வதென்று தெரியாமல் மேலே ரோஜாப்பூ ஒட்டியிருக்கிறான். பாவம், அவனைச் சொல்லி என்ன? முகத்தில் வடு தெரிகிற மாதிரி எந்தப் படக்கடைக்காரன் இங்கே படம் தருகிறான்? நீ அனுப்பிய கார்டைப் போட்டுப் பார்த்தேன். அதையும் காலி செய்துவிட்டிருக்கிறான்.

"இதுவா அடிவாங்கின மூஞ்சி? கல்யாணப் பொண்ணு மாதிரில்ல இருக்கா!" என்றார் ஒரு கிழவர். "இதைக் காட்டவா எங்களை வென்ச்சிலேர்ந்து இழுத்தடிச்ச?" என்றார் மாமா. அசாரேதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் உலக்கையை எடுத்தான். தடுத்த கை முறிந்தது, எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாவது அடியில் முன்பற்கள் போயின. பிறகு தலைமுடியைப் பிடித்து இழுத்து அலமாரி முன்னால் உட்கார வைத்தான். உலக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேமராவை எடுத்தான். "ஒங்கண்ணனுக்குப் படம் வேணுமாமே? சிரிடி. இதை அனுப்பு!" என்று சொல்லிச் சொல்லி எடுத்தான். ஃப்ரெமா கட்டிலுக்கு அடியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தாள். கேமராவைக் கட்டிலில் வீசிவிட்டுக் குடிக்கப் போனான்.

நாங்கள் இருவரும் இப்போது தையல்காரி எஃபுவா வீட்டில் ஒளிந்திருக்கிறோம். கேமராவையே அனுப்புகிறேன். எவனிடமும் கொடுக்காதே. பின்பக்கத்துச் சின்னத் திரையில் நீயே பார். எனக்குப் பின்னால் அலமாரிக் கண்ணாடி இருக்கிறது, அதையும் பார்.

கண்ணை மூடிக்கொள்ளாதே, அண்ணா. நான் மூடவில்லை.

செர்வா

*

தேமா
12 மே

செர்வா,

பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

மறுநாளே வேலைக்குப் போகாமல் வென்ச்சிக்குப் பஸ் ஏறினேன். கேமராவை மாமா கையில் வைத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "பின்னால தெரியுறது யாரு?" என்றார். "உங்க மாப்பிள்ளைதான் மாமா. பெருசாக்கிப் பாருங்க" என்றேன். அலமாரிக் கண்ணாடியில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறான், கக்கத்தில் உலக்கை, அதன் முனையில் உன் ரத்தம். மாமா எழுந்து நின்றார். "நாய்ப்பயலே! என் வீட்டுப் பொண்ணைப் போட்டோ வேற எடுக்கிறியா?" என்று கத்தினார். நான் அங்கே இருக்கும்போதே, திருப்பிக் கொடுக்கப் பாட்டில் வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

நான் உடனே திரும்ப வேண்டியதாகிவிட்டது, கப்பல் காத்திருந்தது. கேமரா என்னிடம் பத்திரமாக இருக்கிறது. போன்சுவிடம் கொடுத்து விடுகிறேன்.

ஒபெங்

*

டெச்சிமான்
2 ஜூன்

அண்ணா,

மாமா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். என் காலில் வெள்ளைக் களிமண் பொடியைத் தூவி, இனி நான் எவன் மனைவியும் இல்லை என்று சொன்னார்கள். அசாரே வெட்டுக்கத்தியோடு எஃபுவா வீட்டு வாசலுக்கு வந்தான். மாமா வீட்டு இளைஞர்கள் அவனைச் சாக்கடையில் தள்ளி, விலா எலும்பு உடைய மிதித்தார்கள். எனக்கு அதில் சந்தோஷமில்லை என்று எழுத நினைத்தேன். எதற்குப் பொய்? சந்தோஷம்தான்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. என் முகம் மட்டும் இருந்த படங்களை யாரும் பார்க்கவில்லை. நீகூடப் பார்க்கவில்லை. நீ ஒருமுறை உறையைப் பிரித்திருந்தால் என் கை முறிந்திருக்காது. அவன் முகம் உள்ளே வந்த பிறகுதான் எல்லோருக்கும் கண் தெரிந்தது.

இன்னொன்று. வென்ச்சிக்குப் போகிற பஸ் எங்கள் ஊர் ஸ்டாண்டில் நின்றுதான் போகும். போகும்போதும் நின்றது, வரும்போதும் நின்றது. நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயாம், இறங்கவில்லையாம். போன்சு என்னிடம் சொல்ல மாட்டார் என்றா நினைத்தாய்?

ஃப்ரெமா கேமரா கேட்கிறாள். போன்சுவிடம் கொடுத்து அனுப்பினால் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். நீயே கொண்டு வா. ஸ்டாண்டில் இறங்கி, எஃபுவா வீடு எங்கே என்று கேட்டு, உள்ளே வந்து என் எதிரில் நில். பல் போன வாயோடுதான் இருக்கிறேன். பூப் பொத்தானை அமுக்கி, கிட்டத்தில் வந்து, நீயே ஒரு படம் எடு.

முடியாதென்றால் கேமராவை நீயே வைத்துக்கொள். எனக்கு இனிமேல் கடிதம் எழுதாதே.

செர்வா