மதினியின் கன்னத்தில் கிடந்த வேர்

என் பிரியத்துக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய அண்ணே,

மதினிக்குப் பிரஷர் இறங்கிவிட்டது. முதலில் இதைத் தெரிந்துகொள், மற்றதை அப்புறம் படி.

இறங்கிவிட்டது என்றால் ஏறியிருந்தது என்றுதானே அர்த்தம்? ஆமாம், ஏறித்தான் இருந்தது. பிரஷர் இருப்பதே தெரியாமல், ஒரு நாளும் பார்த்துக்கொள்ளாமல், தலைக்குள் ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்தவன் நீ. அதே வீட்டில் அடுத்தது மதினியா என்று எல்லோரும் பயந்தோம். உன் மகளோ பயந்துபோய், அம்மா என்ன சொன்னாலும் சரி சரி என்றாள். பதினாலு வயதுப் பிள்ளை அப்படி அடங்கிக் கிடந்தால் பார்க்கச் சகிக்குமா?

மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் இறங்கவில்லை. அப்பளம், ஊறுகாய் எல்லாம் வீட்டை விட்டுப் போயின. அச்சன்புதூர் அத்தை பூண்டு மாத்திரை டப்பாவோடு வந்து, "இது மருந்து இல்லய்யா, சத்து மாத்திரை. ஒண்ணும் செய்யாது" என்றாள். "ஒண்ணும் செய்யாதுன்னா எதுக்குத் திங்கணும்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். அத்தை இன்னும் என்னோடு பேசுவதில்லை.

உனக்குத்தான் தெரியுமே, ஆலையில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கிறவன் நான். அளவு ஒத்துவராவிட்டால் முதலில் கருவியைத்தான் சந்தேகப்படுவேன். வீட்டு மெஷினை ஓரங்கட்டிவிட்டுப் புதிது வாங்கினேன். மதினி கைக்குத் தோதான பட்டை வாங்கி மாட்டினேன். அதுவும் பழைய எண்ணையே காட்டியது. அப்படியானால் மெஷின் மேல் குற்றமில்லை.

பிறகு மதினிக்குக் கால் தளர ஆரம்பித்தது. பாடம் எடுக்கிற ஆய்க்குடிப் பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்புக்கு ஏற முடியவில்லை என்றார்கள். லீவு போட்டு ஊருக்கு ஓடிவந்து, தென்காசியில் புதிதாக ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது; கால் தளர்ந்தது அதனால்தானாம்.

"மாத்திரை தவிர வேற மருந்து ஏதும் சாப்பிடுதீங்களா?"

"இல்ல டாக்டர்."

"சித்தா, ஆயுர்வேதம், டானிக்கு?"

"ஒண்ணும் கிடையாது."

"அப்ப கன்னத்துல அடக்கி வச்சிருக்கது என்னது, பாக்கா?"

மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. "இது அதிமதுரம். சும்மா வேருதானே? பிள்ளைகள்ட்ட கத்திக் கத்தித் தொண்டை கட்டும், அதுக்கு."

"எப்பப்ப போடுவீங்க?"

"எப்பன்னா... முழிச்சதுல இருந்து படுக்குத வரைக்கும் கெடக்கும்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டார். அதிமதுரம் அளவுக்கு மீறினால் உடம்பில் உப்பையும் தண்ணீரையும் தேக்கிவிட்டுப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுமாம். ஒரு பக்கம் மாத்திரை இறக்க, மறுபக்கம் வேர் ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறது.

மதினி பொய் சொல்லவில்லை, அண்ணே. குற்றாலத்துப் பக்கத்து வீடுகளில் வேர் எப்போது மருந்துக் கணக்கில் வந்தது? அருவிக்குப் போகிற வழியெல்லாம் விற்கிற சாமான். சாரல் தொடங்கி இருமல் வந்தால் வெற்றிலை பாக்கு மாதிரி வாயில் போட்டுக்கொள்வது. அதைப் போய் டாக்டரிடம் யார் சொல்வார்கள்?

வெளியே வந்ததும், "துப்புங்க மதினி" என்றேன். என் வாய் அப்படி. அவர்கள் துப்பவில்லை. மருந்துக்கடை வாசலில் நின்று அழுதார்கள்.

"சீசனுக்குச் சீசன் உங்க அண்ணன் ஐந்தருவிப் பக்கம் போயி வாங்கிட்டு வந்து, துண்டு துண்டா நறுக்கி என் பையில போட்டு விடுவாக. அவுக இருக்கும்போது எப்பவாச்சும் ஒண்ணு போடுவேன். இப்ப இது வாயில கெடந்தாத்தான் வகுப்புல நிக்க முடியுது தம்பி. இதையும் துப்பச் சொல்லுதீங்களே."

"அண்ணன் இருந்திருந்தா அவனே பிடுங்கிப் போட்டிருப்பான்" என்றேன்.

"பிடுங்க மாட்டாக," என்று மூக்கை உறிஞ்சினார்கள். "கெஞ்சுவாக."

கெஞ்சினேன். தென்காசிக் கடைத்தெருவில், ஆட்டோக்காரர்கள் பார்க்க, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் கெஞ்சினேன். துப்பினார்கள்.

வாரங்கள் போகப் போக எண் இறங்கியது. நான் நம்பாமல் இரண்டு மெஷினிலும் பார்த்தேன். மாத்திரைகளை டாக்டரம்மாவே பார்த்துப் பார்த்துக் குறைத்து, இப்போது ஒன்றுதான். மாடி ஏறுகிறார்கள். தொண்டைக்கு, இடுப்பில் கட்டிக்கொள்ளும் சின்ன மைக் வாங்கிக் கொடுத்தேன். "பஸ் ஸ்டாண்டுல எலி மருந்து விக்குதவ மாதிரி இருக்கேன்" என்று திட்டினார்கள். ஆனாலும் கட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

நேற்று போன் செய்தேன். எடுத்துவிட்டு என்னிடம் பேசாமல் அங்கே ஒரு சண்டை நடந்தது.

"ஏட்டி, டிவிய அமத்திட்டுப் படி."

"படிக்க மாட்டேன், போ."

"வாய்க்கொழுப்பப் பாரு. சித்தப்பா போன்ல கேட்டுக்கிட்டு இருக்காக."

"கேக்கட்டும்."

எனக்கு எதற்கும் காத்திருக்கப் பொறுமை கிடையாது. நேற்று மட்டும் போனைக் காதில் வைத்தபடி அந்தச் சண்டை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பிள்ளைக்குப் பயம் தெளிந்துவிட்டது, அண்ணே. உனக்கும் கேட்டதா?

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி மதினியோடு எந்த டாக்டரிடம் போனாலும், வாய்க்குள் போகிற வேர், பொடி, சத்து மாத்திரை அத்தனையையும் நானே முந்திக்கொண்டு சொல்வேன். என் பிரஷரையும் பார்த்துக்கொள்வேன். உன் மகள் இன்னும் எத்தனையோ வருஷம் அவள் அம்மாவோடு மல்லுக்கு நிற்கட்டும். அதற்கு நான் பொறுப்பு.

உன் கூடப் பிறந்தவன்,
அவளுக்குச் சித்தப்பா.