உப்புக் கூடிய சரித்திரம்

அன்புள்ள அத்தான்,

பேசாமல் இருந்தது போதும். இருபது வருஷத்துக்கும் மேலாக உங்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லாமலே வைத்திருந்தேன். சொல்லியிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள், இல்லையென்றால் கலங்கியிருப்பீர்கள். இரண்டையும் பார்க்க எனக்கு மனமில்லை. இப்போது நீங்கள் இல்லாத தைரியத்தில் எழுதுகிறேன்.

நம் ஊர் வாசகர் வட்டம் உங்கள் முதலாண்டு நினைவுக்கு ஒரு சிறு மலர் போடுகிறது. மச்சினன் என்ற முறையில் என்னிடமும் கட்டுரை கேட்டார்கள். மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததையும் காட்டினார்கள். ஒருவர் உங்களைச் சங்கரன்கோவில் தந்த வரலாற்று அறிஞர் என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர் நடமாடும் ஆவணக் காப்பகம் என்கிறார். அதைப் படித்த பிறகுதான் எழுதியே தீருவது என்று உட்கார்ந்தேன்.

நீங்கள் அறிஞர் இல்லை அத்தான். அறிஞர் என்றால் எது நடந்தது, எது நடக்காதது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே தட்டில் போட்டுப் பிசைந்து ருசித்தவர். உரக்கடையில் யூரியா மூட்டை மேல் சாய்ந்துகொண்டு, விரலில் பூச்சிமருந்துப் பொடி இருக்கும் என்பதால் ஐஸ் குச்சியால் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு, பகல் முழுக்க வாசிப்பீர்கள். சரித்திரத்தைத் தெருக்கதை மாதிரிப் படிப்பீர்கள். 'மச்சினனை நம்பி நாட்டை விட்டான் பாத்தீரா மாப்ள' என்று என்னைப் பார்த்தே சொல்வீர்கள். நாவலையோ சரித்திரம் மாதிரிச் சோதிப்பீர்கள். ஒரு கதையில் வீரன் அந்தியில் மதுரையில் குதிரை ஏறி, விடிவதற்குள் நம் சீமைக்கு வந்துவிட்டான். அன்று கடைக்கு வந்த சிவகிரிக்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டீர்கள்.

"அண்ணாச்சி, மதுரையில இருந்து இங்கனக்கி ஒரு குதிர ஒரே ராத்திரியில வந்துருமா?"

"பஸ்ஸே வர மாட்டேங்கு. குதிர எங்கன வரும்?" என்றார் அவர்.

அந்தப் பதிலை ஒரு வாரம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நானும் அப்போது உங்களோடு போட்டி போட்டு வாசித்தவன்தான். ஒரே நூலக அட்டையில் இரண்டு பேரும் புத்தகம் எடுத்தோம்.

பிறகு நான் அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வைத் தாண்டினேன். சென்னையில் நேர்முகத் தேர்வு. எனக்குப் பயிற்சி கொடுக்க இந்த ஊரில் யார் இருந்தார்கள்? நீங்கள்தான் துண்டைக் கழுத்தில் டை மாதிரி முடிச்சுப் போட்டுக்கொண்டு சேர்மன் ஆனீர்கள். கடைக்கு வருகிறவர்களையெல்லாம் போர்டு மெம்பர் ஆக்கினீர்கள். இளையரசனேந்தலில் இருந்து விதை வாங்க வந்த ஒரு பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீங்களும் ஒண்ணு கேளுங்க அண்ணாச்சி" என்றீர்கள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "மழ எப்ப பெய்யும் தம்பி?"

நான் பருவக்காற்று, காற்றழுத்தம் என்று ஆரம்பித்தேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "தெரியாதுன்னு சொல்லும் வே. தெரியாததத் தெரியாதுன்னா அதுக்கே மார்க்கு உண்டு."

இன்னொரு பயிற்சியும் வைத்திருந்தீர்கள். மூன்று கதை சொல்வீர்கள். இரண்டு சரித்திரம், ஒன்று உங்கள் கற்பனை. பொய்யை நான் கண்டுபிடிக்க வேண்டும். "எதிரே இருக்கவன் மொகத்தப் படிக்கத் தெரியணும் மாப்ள, இன்டர்வியூங்கது அதுதான்" என்பீர்கள். எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் எல்லாக் கதைக்கும் ஒரே பதில்தான்: "சொல்லுதாங்கல்லா."

நான் சென்னைக்குக் கிளம்பிய அன்று சாயங்காலமும் மூன்று சொன்னீர்கள். மலைத் தேனை வரியாகக் கட்டிய கதை ஒன்று. தேர் வடத்துக்காக இரண்டு ஊர் அடித்துக்கொண்ட கதை ஒன்று. மூன்றாவது, பனவடலிசத்திரத்துச் சமையல்காரி.

கும்பினிப் படை அந்த வழியாக வந்து சத்திரத்தில் தங்கியது. பாளையக்காரர் ஆட்களைப் பிடிக்கப் போகிற படை. சமையல்காரி புளிக்குழம்பில் உப்பை அள்ளிப் போட்டாள். தின்ற சிப்பாய்களுக்குத் தாகம் அடங்கவில்லை. விடிவதற்குள் கிணற்றையே வற்றக் குடித்துவிட்டார்கள். குதிரைக்கும் மாட்டுக்கும் தண்ணீர் இல்லாமல் படை ஒரு நாள் அங்கேயே கிடந்தது. அதற்குள் ஆட்கள் மலையேறித் தப்பிவிட்டார்கள்.

தேர் வடம்தான் பொய் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். வாயைத் திறப்பதற்குள் அக்கா உள்ளே இருந்து, "ரயிலுக்கு நேரமாச்சு, ரெண்டு பேரும் இன்னும் ராசா கதையா பேசுதிய" என்று சத்தம் போட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரயில் நகர்ந்தபோது சன்னல் பக்கமாக வந்து எதையோ சொன்னீர்கள். என் காதில் விழவில்லை. அது என்ன அத்தான்? 'நல்லா செய்யும்' என்றீர்களா, 'அது இல்ல வே' என்றீர்களா?

நேர்முகத் தேர்வு நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு அம்மாள், "உங்க பகுதி வரலாற்றுல பெண்களோட பங்கு பற்றி ஏதாவது சொல்லுங்க" என்றார். எனக்கு உள்ளுக்குள் பூரிப்பு. சமையல்காரியைக் கொண்டுவந்து மேசை மேல் நிறுத்தினேன். அந்த அம்மாள் முன்னால் சாய்ந்து கேட்டார். பிறகு, "ரொம்ப அருமை. இது எந்த ஆவணத்துல இருக்கு?" என்றார்.

"படிச்சிருக்கேன் மேடம்."

"எதுல?"

'சொல்லுதாங்கல்லா' என்று அங்கே சொல்ல முடியுமா? அவர் விடவில்லை. "அவ்வளவு உப்புப் போட்டா ஒரு வாய்கூட வைக்க முடியாதே. ஒரு படையே எப்படி மிச்சம் வைக்காம சாப்பிட்டுச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சாதாரணச் சிரிப்புதான். ஆனால் அதன் பிறகு கேட்ட எதற்கும் என் நாக்கு எழவில்லை. கொஞ்ச மதிப்பெண்ணில் வேலை போயிற்று.

என்னோடு தேர்வு எழுதியவன் அதிகாரியாகி, இந்த ஊர் வழியாகவே அரசு வண்டியில் போனான். நான் தனியார் கல்லூரியில் ஒப்பந்த விரிவுரையாளனாக, வருஷா வருஷம் ஒப்பந்தம் நீட்டிப்பார்களா என்று பார்த்துக்கொண்டு காலம் ஓட்டினேன். கதைப் புத்தகம் பக்கமே போகவில்லை. உங்கள் கடைப் பக்கமும் அதிகம் வரவில்லை. தீபாவளிக்கு வந்தால் ஒரு காபியோடு எழுந்துவிடுவேன். நீங்கள் புதுப் புத்தகத்தை நீட்டும்போது, எனக்கு நேரமில்லை அத்தான் என்பேன். நேரம் இருந்தது. கோபமும் இருந்தது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது கேட்டீர்கள். "மாப்ள, அந்த இன்டர்வியூவுல அப்படி என்னதான் கேட்டாங்க?" மறந்துபோச்சு என்றேன். நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் அல்லவா. பொய் என்று தெரிந்தும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

இப்போதைய செய்திக்கு வருகிறேன். இந்தச் சித்திரையோடு கல்லூரியில் என் ஒப்பந்தத்தை முடித்துவிட்டார்கள். முதல்வர் முகம் பார்த்துச் சொல்லக்கூட இல்லை. கிளார்க்கை விட்டுச் சொன்னார். அதையும் நான் மறக்கப்போவதில்லை. ஐம்பது வயதில் வேலை தேடுகிறவனுக்கு ஒரே ஒரு இடத்தில் இருந்து அழைப்பு வந்தது. சிவகிரி ரோட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளி, பொருளாதார ஆசிரியர் வேலை. இதையும் விட்டால் அடுத்து ஒன்றுமில்லை.

உங்கள் கடையை இப்போது அக்காதான் நடத்துகிறாள். விஷயம் தெரிந்ததும் போன் போட்டாள். "கடைக்கு வா. அவுக கேட்ட மாதிரி நான் கேக்குதேன்." போனால், தராசுக்குப் பின்னால் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னை ஸ்டூலில் இருக்கச் சொன்னாள்.

"ஒம்ம பேரு என்ன?"

"வெளையாடாதக்கா."

"அக்காவா? மேடம்னு சொல்லுலே. சரி, இம்புட்டுப் படிச்சுட்டு இத்தன வருசமா என்ன செஞ்சிக்கிட்டு இருந்தீரு?"

"கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

"அத அங்கன போயிச் சொல்லிராத. ஒம்ம பொழுதுபோக்கு?"

"ஒண்ணுமில்ல."

"வாசிப்புன்னு சொல்லுலே. அவுகளோட போட்டி போட்டு வாசிச்சவன்தான நீ?"

"வாசிச்சுதான நாசமாப் போனேன்" என்றேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்தது கொட்டிவிட்டது. சத்திரம், சமையல்காரி, உப்பு, அந்த அம்மாள் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் எது பொய்யென்று சொல்லாமல் என்னை ரயில் ஏற்றிவிட்டார் என்றேன்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். மருந்து வாங்க வந்த ஆள் என்னவோ ஏதோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏலே, அது என் கொழம்புலே."

நான் கிளம்பியதற்கு முந்தின நாள் மத்தியானமாம். பதற்றத்தில் அக்கா புளிக்குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். அவளுக்கும் என் இன்டர்வியூ நினைப்புதான். உங்கள் அம்மா வாயில் வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு வைய ஆரம்பித்தாராம்.

"அவுக தட்டக் கையில வச்சிக்கிட்டே, 'வையாதம்மா, இப்படித்தான் பனவடலிசத்திரத்துல ஒருத்தி'ன்னு எடுத்து விட்டாக பாரு, அத்த வையிறத நிறுத்திட்டு 'பொறவு? பொறவு?'ன்னு கேக்காக. கத முடிஞ்சப்போ அவுக தட்டுல ஒரு பருக்க இல்ல. நான் தின்னாதியன்னு சொல்லுதேன், கேக்கல. பொறவு சாயங்காலம் வரைக்கும் தண்ணி குடிச்சிக்கிட்டே கெடந்தாக."

ஒரு படையே எப்படி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டது என்று சென்னையில் கேட்ட கேள்விக்கு விடை அக்காவிடம் இருந்திருக்கிறது. படை சாப்பிடவில்லை. ஒரே ஒரு ஆள் சாப்பிட்டிருக்கிறார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத அவுகட்ட கேட்டிருக்கலாமேலே. நீ ஏன் வரமாட்டேங்கன்னு எத்தன நாளு யோசிச்சிருக்காக தெரியுமா? 'நான் எதுவும் தப்பாப் பேசிட்டனா?'ன்னு என்னக் கேப்பாக."

அத்தான், உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் முழுதாகப் போய்விடவில்லை. பொய்யைப் பொய்யென்று சொல்லாமல் ரயில் ஏற்றியது உங்கள் தப்புதான். ஆனால் இத்தனை வருஷமாக நான் யார் மேல் கோபமாக இருந்தேன்? மனைவிக்கு வசவு விழக்கூடாதென்று ஒரு சரித்திரத்தையே உண்டாக்கி, அந்தக் குழம்பையும் முழுசாகச் சாப்பிட்ட மனிதர் மேல்.

பள்ளியில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த தாளாளர், நான் அங்கே வந்து நிரப்பிக் கொடுத்த படிவத்தைப் பார்த்துவிட்டு, "சரித்திரமும் கதையும் வாசிப்பேன்னு போட்டிருக்கீங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?" என்றார். அக்கா பேச்சைக் கேட்டு நான் எழுதிவைத்தது. சமையல்காரி கதையைச் சொன்னேன். ஆனால் சொல்வதற்கு முன்பே, "இது பொய் சார், எங்க அத்தான் சொன்னது" என்று ஆரம்பித்தேன். முடித்தபிறகு, சத்திரமும் படையும் கற்பனை, உப்பும் அந்த மனிதரும் நிஜம் என்றேன். யாருக்காவது உப்புக் கணக்கில் சந்தேகம் வருமா என்று முகங்களைப் பார்த்தேன். தாளாளர் சிரித்தார். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு எனக்கு வலிக்கவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. சம்பளம் வெளியில் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. "நல்லா கதை சொல்லுதிய, லைப்ரரி பீரியடையும் நீங்களே பாத்துக்கிடுங்க" என்று அதையும் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்குத் தனியாக ஒன்றும் தரமாட்டார்களாம். பார்த்தீர்களா, உங்களால் எனக்கு மறுபடியும் நஷ்டம்.

நீங்கள் பாதியில் விட்ட நூலகப் புத்தகம் கடையிலேயே கிடந்தது. எடுத்து வந்து வாசிக்கிறேன். என் கையில் மருந்துப் பொடி எதுவும் இல்லை. ஆனாலும் அக்கா ஒரு ஐஸ் குச்சியைச் சேர்த்துக் கொடுத்திருக்கிறாள், அதைக் கொண்டுதான் பக்கம் திருப்புகிறேன். இந்த ஆசிரியரும் குதிரையை ரொம்ப வேகமாக ஓட்டுகிறார் அத்தான். சிவகிரிக்காரரைப் பார்த்தால் கேட்க வேண்டும்.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன். லைப்ரரி பீரியடில் பிள்ளைகளுக்கு மூன்று கதை சொல்வேன். இரண்டு நிஜம், ஒன்று பொய். மணி அடிப்பதற்குள் எது பொய் என்று சொல்லிவிடுவேன். மணி முந்திக்கொண்டால், கடைசிப் பிள்ளை போகும் வரை வாசலில் நின்று சொல்வேன். ஒரு பிள்ளையையும் தெரியாமல் வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

இந்தக் கடிதத்தில் பொய் எதுவும் வைக்கவில்லை, தேடாதீர்கள்.

மலர்க்குழுவினர் எழுதியவரின் பெயரும் பட்டங்களும் வேண்டும் என்கிறார்கள். கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தேன், மனம் வரவில்லை. உங்கள் கதை எதற்கும் நீங்கள் பெயர் போட்டதில்லை. யார் எழுதியது என்று மற்றவர்கள் கேட்டால், சொல்லுதாங்கல்லா என்று அக்கா சொல்லிக்கொள்ளட்டும். பெயர் போடாமலே இதை நாளைக்கு மலர்க்குழுவுக்குத் தபாலில் சேர்த்துவிடுகிறேன். எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள், உங்களுக்கு மச்சினன் என்று நான் ஒருவன்தானே இருக்கிறேன்.