மேசை விசிறியும் அக்காவின் கோப்பில் ஒரு வரியும்

அனுப்புநர்:
விண்ணப்பதாரரின் தம்பி (வயது பதினாறு),
அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவரின் மகன்.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
சான்றிதழ்ப் பிரிவு, மூன்றாம் மாடி.

பொருள்: எதையும் கேட்காமல் எங்களைக் கலங்கடித்த இரண்டாம் மாடி அலுவலர் அம்மா மீது புகார் – அக்காவின் கோப்பில் எழுதப்பட்ட ஒரு வரியைத் திருத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டு மேசை விசிறி, கடந்த எட்டு நாட்களாகத் தங்கள் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கழுத்தில் சீட்டு கட்டப்பட்டு, சாட்சிப் பொருளாக வீற்றிருக்கிறது என்பதை முதற்கண் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன். மூன்றாவது வேகத்தில் வைத்தால் தலை ஆட்டும். விசாரணையில் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2. என் அக்கா அரசு மருத்துவமனையில் ஆய்வகப் பணிக்குத் தேர்வானாள். சேர்வதற்கு இருப்பிடச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. கடைசி நாள் சென்ற வெள்ளிக்கிழமை. திங்களன்றே அக்காவும் நானும் விண்ணப்பம் கொடுத்தோம். புதிதாக வந்திருக்கும் அலுவலர் அம்மா அக்காவை நாற்காலியில் உட்காரச் சொன்னார். தாள்களைப் புரட்டினார். "எல்லாம் சரியா இருக்கும்மா. வியாழக்கிழமை வந்து வாங்கிக்குங்க" என்றார். அவ்வளவுதான், ஐயா. என் புகாரே அதுதான்.

3. என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். அப்பாவின் மேசைக்கு அடியில் வளர்ந்தவன் நான். இந்தக் கட்டடத்தில் எந்தக் கதவு எதைக் கொடுத்தால் திறக்கும் என்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்கு முன்பே படித்தவன். பத்தடி தூரத்தில் இருக்கும் கோப்பைத் தலைகீழாகப் படிப்பேன். பள்ளியில் ஆசிரியர்களே என்னிடம் ஆலோசனை கேட்டுப் போவார்கள். சென்ற ஆண்டு முதல் சன்னலில் "இன்று எதுவும் வாங்கப்படமாட்டாது" என்று அட்டை எழுதித் தொங்கவிட்டவனும் நானே. விளையாட்டுக்குத்தான் செய்தேன். ஆனால் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர், இன்றைக்கு வேலை நடக்காது போலிருக்கிறது என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் காவலாளியிடம், நாளைக்காவது வாங்குவார்களா என்று விசாரித்தார். யாரும் சிரிக்கவில்லை. அன்று முதல் நான் அட்டை எழுதுவதில்லை.

4. திங்கள் மாலை வீட்டில் அவசரக் கூட்டம் நடந்தது. நாற்காலி கொடுத்தார்கள் என்றதும் அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகளில் அவர் மனு எழுதிக் கொடுத்த எவருக்கும் அங்கே நாற்காலி கிடைத்ததில்லை. "ஒண்ணுமே கேக்கலையா? அப்ப பெரிசா ஏதோ கேக்கப் போறாங்க" என்றார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அக்கா மட்டும் சாப்பிட்டுக்கொண்டே, "நாற்காலி குடுத்தா உக்காரணும். அதையும் வேவு பாப்பீங்களா? அந்தம்மா வியாழக்கிழமைன்னா வியாழக்கிழமைதான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள். இந்த வீட்டில் பிறந்து அவள் எப்படி இப்படி ஆனாள் என்று எங்களுக்கு வருத்தமாக இருந்தது.

5. அலுவலர் அம்மாவின் அறையில் கூரை விசிறி ஓடவில்லை என்பதை நான் கவனித்திருந்தேன். ஆகவே புதன்கிழமை மதியம், எங்கள் குடும்பத்தின் சார்பில், எங்கள் வீட்டின் ஒரே மேசை விசிறி அவர் மேசைக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அரசு அலுவலகத்துக்குக் காற்று வாங்க வருபவர்கள் உண்டு. காற்று கொடுக்க வந்தவர்கள் நாங்கள்தான். அவர் சிரிக்கவில்லை. விசிறியை எடுத்துப் போகச் சொன்னார். அது வழக்கமான மறுப்பு, மூன்று முறை சொன்ன பிறகு வாங்கிக்கொள்வார் என்று கணித்து மூன்று முறையும் புன்னகைத்தேன். நான்காவது முறை அவர் சொல்லவில்லை, எழுதினார்.

6. அவர் எழுதிய வரி: "விண்ணப்பதாரர் தம் தம்பி மூலம் பரிசுப் பொருள் அனுப்பி அலுவலரை வசப்படுத்த முயன்றார்." கோப்பு விசாரணைக்குப் போனது. வெள்ளிக்கிழமையும் போனது. பட்டியலில் அக்காவுக்கு அடுத்திருந்தவர் திங்களன்று பணியில் சேர்ந்துவிட்டார். அந்த இடத்தைத் திருப்பிக் கேட்டு நான் வரவில்லை, ஐயா. அது போனது போனதுதான். ஆனால் இனி அக்கா எந்த அரசு வேலைக்கு எழுதினாலும் இந்த வரி அவளுக்கு முன்பே போய் அங்கே உட்கார்ந்திருக்கும் என்று அப்பா சொல்கிறார். அவர் சொன்னதிலேயே சரியானது இது ஒன்றுதான் என்று அஞ்சுகிறேன்.

7. அக்கா என்னைத் திட்டவில்லை. எட்டு நாளாக என்னோடு பேசவுமில்லை. நேற்று அப்பாவிடம் மட்டும், அடுத்த தடவை யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வியை எங்கள் வீடு கேட்டதே இல்லை.

8. ஆகவே அந்த வரியில் "விண்ணப்பதாரர்" என்ற சொல்லை நீக்கி, அங்கே என்னை எழுதும்படி வேண்டுகிறேன். இந்த மனுவைத் தங்களிடம் சேர்க்க யாரைக் கவனிக்க வேண்டும் என்று அப்பா கேட்டார். யாரையும் வேண்டாம் என்று சொல்லி வெறுங்கையோடு வந்திருக்கிறேன். இது நடக்கும் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை. நம்பிப் பழக்கமில்லை, மன்னிக்கவும்.

9. ஒரு திருத்தம். ஐந்தாம் பத்தியில் "குடும்பத்தின் சார்பில்" என்று எழுதியது பொய். யாருக்கும் தெரியாமல் விசிறியைத் தூக்கி வந்தவன் நான். "அக்கா குடுத்தனுப்பிச்சாங்க" என்று அலுவலர் அம்மாவிடம் சொன்னவனும் நானே. பெயர் சொல்லாமல் கொடுத்தால் வேலை நடக்காது என்பது மேசைக்கு அடியில் கற்ற பாடம். அவர் கடைசியில் விசிறியைத் தாமே தூக்கி, அதன் அடியில் நசுங்கிக் கிடந்த தாளை எடுத்துக் காட்டினார். "காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டேன் தம்பி" என்றார். அக்காவின் சான்றிதழ். பத்தடியிலிருந்து தலைகீழாகப் படிப்பேன் என்று மேலே பீற்றிக்கொண்டேன். அந்தத் தாள் எனக்கு நேராகத்தான் இருந்தது, ஐயா. நான் படிக்கவில்லை. விசிறியை எங்கே வைக்கலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாள்: வியாழக்கிழமை
இடம்: தங்கள் அலுவலகப் படிக்கட்டு, கீழிருந்து நான்காவது படி

தவறு செய்தவன்,
(கையொப்பம்)
விண்ணப்பதாரரின் தம்பி

இணைப்பு: ஏதுமில்லை. உறைக்குள்ளும் ஏதுமில்லை.